எங்கட ஊர்ப் பொடியன் என்பதற்காக எடுக்கலாமா?

என் சித்தியின் மகனுக்குப் பதினைந்து வயது. ராப்டர்ஸ் தோற்றால் அன்றைக்கு அவனுக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. போன முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, சாக் ஈடி ரொறன்ரோ பொடியன்தானே? பிறகு ஏன் எங்கட டீம் அவரை எடுக்கேல்லை?"

நல்ல கேள்வி. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள்.

ஈடியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்காபரோவிலிருந்து எக்ளிண்டன் வீதியில் மேற்கே போனால் லீசைட் வரும். அவர் அங்கே வளர்ந்தவர். உயரம் 7 அடி 4 அங்குலம். சின்ன வயதில் ஆடியது ஐஸ் ஹொக்கியும் பேஸ்போலும். கூடைப்பந்தைக் கையில் எடுத்ததே பத்தாம் வகுப்பில்தான். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தரவரிசையில் அவர் பெயர் 400-க்கும் அப்பால் கிடந்தது. பெர்டியூ பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது. கடைசிப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி, 12 ரீபவுண்ட். 2024 இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டிடம் பெர்டியூ 75–60 என்று தோற்றாலும், அந்த 60-இல் 37 ஈடியுடையது.

அந்த வருட டிராஃப்டில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அவரை 9-ஆவதாக எடுத்தது.

தம்பியின் கேள்விக்குக் குட்டிப் பதில்: ராப்டர்ஸுக்கு எடுக்க வழி இருக்கவில்லை. 2023–24 பருவத்தில் 25 வெற்றி, 57 தோல்வி. அவ்வளவு தோற்ற அணிக்கு வழக்கமாக ஒரு நல்ல இடம் கிடைக்கும். ஆனால் 2023 பெப்ரவரியில் யாகோப் பெர்ட்டலை சான் அன்டோனியோவிடமிருந்து வாங்கியபோது, இந்தத் தெரிவையும் கொடுத்துவிட்டார்கள். முதல் ஆறு இடத்துக்குள் விழுந்தால் மட்டும் தங்களிடமே இருக்கும் என்பது நிபந்தனை. குலுக்கலில் அது 8-ஆவது இடத்துக்கு இறங்கியது. போய்விட்டது. அடுத்து அவர்களுக்கு இருந்த இடம் 19. அதற்குள் ஈடி மெம்ஃபிஸ்காரர் ஆகிவிட்டார்.

ஆனால் தம்பி உண்மையில் கேட்டது வேறு. அந்த 8-ஆவது இடம் கையில் இருந்திருந்தால், எங்கட ஊர்ப் பொடியன் என்பதற்காக ஈடியை எடுத்திருக்க வேண்டுமா?

எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் எங்கட ஊர்ப் பொடியன் என்பதற்காக இல்லை.

முதலில் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். அதுவும் பலமான வாதம்தான். இன்றைய என்பிஏயில் எல்லோரும் தூரத்திலிருந்து எறிகிறார்கள். சென்டரே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிய வேண்டிய காலம். ஈடி கூடைக்குக் கீழே நின்று ஆடுகிறவர். வேகமான கார்டுகள் அவரை வெளியே இழுத்துவந்தால் கால் பின்தங்கும் என்று பயந்தார்கள். 2023 மார்ச்சில் பெர்டியூவைத் தோற்கடித்த ஃபேர்லி டிக்கின்சன், அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரி அணிகளிலேயே மிகக் குட்டையான அணி. உயரம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தவிர, பெர்ட்டலும் தூரத்திலிருந்து எறிகிற ஆள் இல்லை. இரண்டு பேரையும் ஒன்றாக ஆட விட்டால் கூடைக்குக் கீழே இடமே இருக்காது.

இதற்கு என் பதில்: 57 ஆட்டம் தோற்ற அணி "இவர் எங்கட அமைப்புக்குப் பொருந்துவாரா?" என்று கேட்கும் நிலையில் இல்லை. முதல் சுற்றில் எடுக்கிறவருடைய முதல் ஒப்பந்தம் நான்கு வருடம் வரை போகும். முதல் இரண்டு வருடம் உறுதி. அடுத்த இரண்டையும் தொடர்வதா என்பது அணியின் விருப்பம். நான்கு வருடத்தில் அணியில் பாதிப்பேர் மாறிவிடுவார்கள். இன்றைய ஐந்து பேரைப் பார்த்து நாளைய ஆளைத் தெரிவுசெய்வது, அடுத்த வருடம் கழற்றி எறியப்போகும் சேர்வருக்குப் பொருத்தமான மென்பொருளை இன்றைக்கு வாங்குவது போன்றது. பெர்ட்டல் இளைப்பாறும் நிமிடங்களில் ஈடி ஆடியிருக்கலாம். மெம்ஃபிஸில் என்ன நடந்தது? முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 9 புள்ளி, 8 ரீபவுண்ட். புதியவர்களுக்கான சிறந்த ஐவர் பட்டியலில் இடம். பிறகு 2025 கோடையில் கணுக்காலில் சத்திரசிகிச்சை. பெரிய உடம்புக்காரருடன் வருகிற அபாயம் அது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

இப்போது "எங்கட ஊர்" கதைக்கு வருகிறேன். இதில் ராப்டர்ஸின் வரலாறு சுவாரசியமானது.

1995-இல் ஆடத் தொடங்கிய அணி. டிராஃப்டில் ஒரு கனடியரை முதன்முதலாக எடுத்தது 2021-இல், 46-ஆவதாக: ரொறன்ரோவின் டலானோ பான்டன். இரண்டு பருவத்தில் அவர் போய்விட்டார். பெரிய ஆட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவின் ஜமால் மக்லோர் 2004-இல் ஆல்ஸ்டார் ஆனார், ஆனால் வேறு அணியில். ராப்டர்ஸுக்கு ஆடிய முதல் கனடியர் என்ற பெயர் 2011-இல் அவருக்குக் கிடைத்தபோது, அவருடைய நல்ல காலம் முடிந்திருந்தது. 2013 டிராஃப்டில் முதலாவதாகப் போன அந்தனி பெனட்டை, மற்ற இடங்களில் சறுக்கிய பிறகு 2015-இல் ராப்டர்ஸ் கூட்டிவந்தது. ஊருக்கு வந்தால் சரியாகிவிடுவார் என்று எல்லோரும் ஆசைப்பட்டோம். பருவம் முடியுமுன்பே விடுவித்தார்கள். மொன்றியலின் கெம் பேர்ச், பெர்ட்டலை வாங்கக் கொடுத்த பொதியிலேயே போனார். ஊர்ப் பாசம் ஒருவருக்கும் வேகத்தையும் கொடுக்கவில்லை, முழங்காலையும் காப்பாற்றவில்லை.

விதிவிலக்கு ஒருவர்: கிறிஸ் பூஷே. மொன்றியலில் வளர்ந்தவர், மிகப் பிந்தி விளையாட்டுக்குள் வந்தவர், டிராஃப்டில் ஒருவருமே எடுக்காதவர். 2018-இல் ராப்டர்ஸுக்கு வந்து ஏழு பருவம் ஆடினார். 2019 கிண்ணத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அவரை வைத்திருந்தது கனடியர் என்பதற்காக இல்லை. கீழ்நிலை லீக்கில் போட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்து, இவர் உதவுவார் என்று கண்டதால்.

ஆகவே பிறந்த ஊருக்கு மதிப்பே இல்லையா? ஒன்று இருக்கிறது. அது கூடுதல் புள்ளி இல்லை, கூடுதல் தகவல்.

பத்தாம் வகுப்பில் தொடங்கியவரையும் ஆறு வயதில் தொடங்கியவரையும் ஒரே அளவுகோலால் அளந்தால் பிழைதான் வரும். பிந்தித் தொடங்கியவர் இப்போது எங்கே நிற்கிறார் என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறுகிறார் என்பதுதான் முக்கியம். அந்த ஏற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடியவர்கள் யார்? அதே நகரத்தின் ஜிம்களில் இருக்கும் பயிற்சியாளர்கள், அவருடன் ஆடிய பெடியள். உள்ளூர் அணிக்கு அந்த ஆட்கள் ஒரு தொலைபேசித் தூரத்தில். வாய்ப்பு இருந்தும் அவர்களிடம் கேட்காமல் விட்டால் அது சோம்பல். கேட்டு, பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதில் தவறில்லை.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானே இதில் ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வேலையில் ஒரு நேர்முகத் தேர்வுக் குழுவில் இருந்தேன். விண்ணப்பங்களில் ஒரு தமிழ்ப் பெயர். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுப் பிள்ளை. பெயரைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம். அடுத்த நொடி ஒரு பயம்: நான் ஆதரித்தால், "தன்ட ஆளைப் பிடித்துப் போடுறான்" என்று மற்றவர்கள் நினைப்பார்களோ? அந்தப் பயத்தில் அவரிடம் மட்டும் இரண்டு கடினமான கேள்விகள் கூடுதலாகக் கேட்டேன். மற்ற ஒருவரிடமும் அவற்றைக் கேட்கவில்லை. முதலாவதைச் சமாளித்தார். இரண்டாவதில் தடுமாறினார். வேலை வேறொருவருக்குப் போனது.

அன்றைக்கு நான் நடுநிலையாக இருந்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஊர்ப் பாசத்துக்காக ஒருவரை எடுப்பது அநியாயம் என்றால், ஊர்ப் பாசம் என்று சொல்லிவிடுவார்களே என்று ஒருவரைத் தள்ளுவதும் அதே அநியாயம்தான். இரண்டிலும் நாங்கள் அந்த ஆளைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் இந்த வருடம் பள்ளிக்கூட அணிக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, முதல் வேலைக்கோ போட்டியிடப் போகிறீர்கள். சில மேசைகளில் உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒருவர் முகம் மலரும். சில மேசைகளில் அதே பெயரால் ஒருவர் கொஞ்சம் விறைப்பாவார். இரண்டுமே உங்கள் கையில் இல்லை. ஆனால் ஒருநாள் மேசையின் மற்றப் பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள். அன்றைக்கு எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். உங்களுக்கு அந்த ஆளைப் பற்றிக் கூடுதலாக ஏதாவது தெரிந்தால், அதை மறைக்காமல் குழுவின் முன் வையுங்கள். பிறகு ஆளைப் பார்த்து முடிவெடுங்கள்.

தம்பிக்கு இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஈடி இங்க வந்தா, எல்லா மட்சிலயும் அவரோட அம்மா அப்பா பார்க்க வந்திருப்பினம்" என்றான்.

அதுவும் உண்மைதான். எந்தக் கணக்கிலும் நான் அதைச் சேர்க்கவில்லை.