இருபது காசுச் சண்டை

எங்கள் வாசிப்புக் கூட்டம் முடிந்து விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தை விட்டு வெளியே வரும்போது, அன்று பேசிய நாவல் எதுவாக இருந்தாலும், யாராவது ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இப்போதெல்லாம் வீட்டுப் பக்கத்தில் நல்ல டிம் சம் எங்கே கிடைக்கிறது?" கேள்வியோடு ஒரு பெருமூச்சும் வரும். முன்பு கிடைத்தது, இப்போது இல்லை, கைப்பக்குவம் போய்விட்டது, பிள்ளைகள் தொழிலுக்கு வருவதில்லை, சிங்கப்பூர் பழைய சிங்கப்பூராக இல்லை. இந்தப் புலம்பலில் நாங்களும் பல ஆண்டுகள் கூடப் பாடியவர்கள்தாம். இனிப் பாடுவதாக இல்லை. கெட்டுப்போனதற்குக் காலத்தைக் குற்றம் சொல்வது வசதியானது. ஆனால் இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியவர்கள் நாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தோ பாயோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளக் காப்பிக்கடையில் வயதான கணவனும் மனைவியும் நடத்திவந்த சிறு கடை. அதிகாலை மூன்று மணிக்கு மாவு பிசையத் தொடங்குவார்கள். பத்தரை மணிக்கெல்லாம் மூங்கில் கூடைகள் காலியாகிவிடும். அந்த அம்மாளை எல்லோரையும் போல நாங்களும் "ஆன்ட்டி" என்றுதான் அழைத்தோம். ஆறு வருடங்களில் பெயரைக் கேட்டதில்லை. ஒருநாள் மூன்று சியூ மாய் 2 வெள்ளி 40 காசிலிருந்து 2 வெள்ளி 60 காசாயிற்று. "இவர்களுக்கும் பேராசை வந்துவிட்டது" என்றார் எங்களில் ஒருவர், அந்த அம்மாளுக்குப் புரியும்படி, ஆங்கிலத்தில். கொண்டோமினியத்தில் குடியிருப்பவர். முதல்நாள் மாலைதான் ஒரு கோப்பைக் காப்பிக்கு 7 வெள்ளி கொடுத்திருந்தார். அப்போது பேராசை என்ற சொல் அவர் நாவில் வரவில்லை. சொன்னவர் ஒருவர். கேட்டுக்கொண்டு தேநீர் குடித்தவர்கள் மற்ற ஐந்து பேர். மறுவருடம் கடை இல்லை. இப்போது அதே இடத்தில் ஆலையில் செய்து உறையவைத்த பொட்டலங்களைப் பிரித்து ஆவியில் ஏற்றி விற்கிறார்கள். விலை? 2 வெள்ளி 80 காசு. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

கையால் செய்வதற்கும் பொட்டலத்துக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு, கொழுக்கட்டை செய்த வீட்டில் வளர்ந்தவர்கள் எளிதில் விளங்கவைக்கலாம். ஹார் காவ் என்கிற இறால் கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்தோல் சாதாரணக் கோதுமை மாவில் செய்வதல்ல. பசைச்சத்தைக் கழுவி நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சில் செய்வது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக் கிளற வேண்டும். நீரின் சூடு குறைந்தால் மாவு சேராது. நாம் அரிசி மாவில் படும் அதே பாடு. எண்ணெய் தடவிய அகன்ற கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரே அழுத்து, வட்டம் தயார். அதில் இறாலை வைத்து ஒரு பக்கத்தை மட்டும் மடிப்பு மடிப்பாகக் கொசுவி மூடுவார்கள். சொப்பு செய்யத் தெரிந்த பாட்டி ஒருவர் இந்தக் கொசுவலைப் பார்த்தால் மொழி இல்லாமலேயே அவர்களோடு பேசிவிடுவார். வெந்தபின் உள்ளிருக்கும் இறாலின் சிவப்பு வெளியே தெரிய வேண்டும். குச்சியால் தூக்கினால் கிழியக்கூடாது. பல்லில் ஒட்டவும் கூடாது. உறைந்து கிடந்து மீண்டும் ஆவி கண்ட தோல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் தோற்கும்: அடியில் ஒட்டிக் கிழியும், அல்லது ரப்பராகும். பாவ் மாவின் கதை வேறு. அது புளித்துப் பொங்க நேரம் கேட்கிறது. சீ சியோங் ஃபன் அரைத்த அரிசிக்கரைசலை மெல்லிய ஏடாக வேகவைத்துச் சுருட்டுவது. சுருட்டியவுடன் தின்னவேண்டிய பண்டம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது, விடியுமுன் எழுந்து நிற்கும் ஒரு மனித உடம்பு. நாம் விலை கொடுக்க மறுப்பது அதற்குத்தான்.

மறுக்கிறோம் என்பது மிகைக்கூற்று அல்ல. டின் தை ஃபங் கடையின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றவர்கள்தாமே நாம்? 1958இல் தைப்பேயில் சமையல் எண்ணெய்க் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. பின்னாளில் சியாவ் லோங் பாவால் உலகப் புகழ் பெற்றது. கட்டியாக உறைந்த இறைச்சிச் சாற்றை உள்ளே வைத்து மூடுவதும், ஆவியில் அது உருகிக் குழம்பாவதும், தோலின் மேல் 18 மடிப்பு என்ற கணக்கும் வியக்கத்தக்கவை. அவர்கள் மீது எங்களுக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. நாங்கள் கேட்பது வேறு. அங்கே ஒரு கூடைக்கு 10 வெள்ளிக்கு மேல் கொடுக்கிறோம், அதன்மேல் சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் கட்டுகிறோம், கலை என்று மெச்சுகிறோம். அதே கொசுவலைக் காப்பிக்கடையில், கண்ணாடிச் சுவர் இல்லாமல், வியர்வை துடைத்த கையால் ஒருவர் செய்தால் அது எப்படி 'சாதாரணச் சாப்பாடு' ஆகிறது? குளிர்சாதனம்தான் கலையா?

உலகமும் இந்தப் பழக்கத்துக்குத் தூபம் போட்டது. 2016இல் மிச்செலின் வழிகாட்டி சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு அங்காடிக் கடைகள் நட்சத்திரம் பெற்றன. அவற்றில் சைனாடவுனின் சோயா சாஸ் கோழிக்கடையைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதியதைத் திரும்பிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் தலைப்பிலேயே நின்றது கோழியின் ருசி அல்ல, விலை: உலகிலேயே மலிவான நட்சத்திர உணவு! 2021இல் நட்சத்திரம் போயிற்று. நமக்குள் தங்கிவிட்டது அந்தத் தலைப்பு. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் அங்காடிப் பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். மரபுச் செல்வத்துக்கு இருபது காசு கூடுதலாகக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

வாடகையை மறந்துவிட்டீர்களே என்று நண்பர் ஒருவர் இடைமறிக்கிறார். மறக்கவில்லை. 2022இல் ஈசூனிலும் தெம்பனிஸிலும் இரு காப்பிக்கடைகள் ஒவ்வொன்றும் 4 கோடி வெள்ளி அளவிலான விலைக்குக் கைமாறின. அந்தப் பணத்தை மாவு உருட்டுகிறவரின் முதுகிலிருந்துதானே வசூலிப்பார்கள்? ஆனால் நண்பரே, கடைச்சொந்தக்காரர் வாடகையை ஏற்றும்போது நாம் யாரிடமும் சண்டைக்குப் போவதில்லை. அவரை நமக்குத் தெரியாது. நம் சண்டை முழுவதும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியோடுதான்; ஏனெனில் அவர் கைக்கெட்டும் தூரத்தில், பதில் பேசாமல், இடுக்கியோடு நிற்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. முதியவர்களும் வருமானம் குறைந்தவர்களும் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு மலிவான சாப்பாடு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சலுகையின் செலவைக் கடைக்காரர் ஏன் சுமக்க வேண்டும்? 2023 மே முதல் வீவக வாடகைக்கு விட்டிருக்கும் காப்பிக்கடைகள் குத்தகையைப் புதுப்பிக்கும்போது மலிவுவிலை உணவும் தரவேண்டும் என்று விதி வந்தது. நல்ல நோக்கம்தான். கொடையாளி யார் என்பதில்தான் எங்களுக்கு வழக்கு. உண்பவர் கையில் பற்றுச்சீட்டாகக் கொடுக்கும் வழியை அரசு அறியும். குடும்பங்களுக்குத் தரப்படும் சிடிசி பற்றுச்சீட்டுகளை அங்காடிக் கடைகளில் கொடுத்து உண்ணலாம். அது நேர்மையான முறை. மேலும் ஒன்று: எங்கள் அனுபவத்தில் விலையைப் பற்றி உரக்கப் பேசுகிறவர்கள் ஏழைகள் அல்லர். அவர்கள் காசை எண்ணி வைத்துவிட்டு நன்றி சொல்லிப் போகிறார்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு சாக்கும் உண்டு: "அது பன்றி, நமக்கு ஆகாது." எங்கள் கூட்டத்தில் சைவர்களும் இஸ்லாமிய நண்பர்களும் உண்டு, அவர்களும் எங்களுடன் தேடி அலைந்தவர்கள்தாம். ஹலால் டிம் சம் கடைகள் இருக்கின்றன. சீன பௌத்தச் சைவக் கடைகளோ வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காதவை. நம் மடத்துச் சமையல்காரர்களுக்கே பாடம் சொல்லும் ஆசாரம். கஞ்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தச் சொல்லே நாம் கொடுத்தது. காய்ச்சல் கண்ட நாளில் சீனர் வீட்டிலும் நம் வீட்டிலும் அடுப்பில் ஏறுவது அதுதான்.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில். பெயர்பெற்ற இடங்கள் வேண்டுமென்றால் ஜாலான் புசாரில் 1962இல் தொடங்கிய சுவீ சூன் இருக்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து பொடிநடையாகவே போய்விடலாம். தள்ளுவண்டியில் கூடைகள் சுற்றிவருவதைப் பார்க்க வேண்டுமென்றால் சின் சுவீ சாலையில் 1974இல் பிறந்த ரெட் ஸ்டார். ஆனால் நீங்கள் கேட்டது வீட்டுப் பக்கத்தில். அங் மோ கியோவில் ஒரு கடையைக் கண்டுபிடித்திருக்கிறோம். விலைப்பலகையில் பழைய எண்களின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் பேனாவால் திருத்தியிருக்கிறார்கள். ஹார் காவ் முப்பது காசு ஏறியிருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே இருப்போம். பேராசை என்று சொன்ன நண்பரும் வருகிறார். அந்த அம்மாளின் பெயரைக் கேட்பது அவர் பொறுப்பு.