கிளட்ச் மிதிக்கும் கால்

லாரி டிரைவருக்குக் காலில் அடிபட்டால் அதை யாரும் விபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வண்டி கவிழ்ந்தால்தான் விபத்து. வண்டியும் சரக்கும் பத்திரமாக இருந்து, ஓட்டியவன் பாதம் மட்டும் நசுங்கினால் "பாத்து எறங்கக் கூடாதாப்பா" என்பதோடு முடிந்துவிடும்.

முப்பது வருஷம் ஓட்டியவன் நான். பார்த்த கால் காயங்களில் பாதிக்கு மேல் வண்டி நிற்கும்போது வந்தவை. தார்ப்பாய் கட்டிவிட்டு லோடு மேலிருந்து குதிப்பது, டயர் மாற்றும்போது ஸ்டெப்னி சரிவது, ஜாக்கி நழுவுவது, குடோன் வாசலில் கிடக்கும் ஆணி. இத்தனைக்கும் காலில் இருப்பது ரப்பர் செருப்பு. பழைய வண்டிகளில் இன்ஜின் சூடு கேபினுக்குள்ளேயே அடிக்கும். அந்த வெக்கையில் ஷூ போட்டு எவனால் உட்கார முடியும்? செருப்பைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டினோம். புதிதாகத் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் ஆகியிருக்கிறது. இனி வரும் பையன்களாவது ஷூ போடட்டும்.

"உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே, காலில் கட்டு இருந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் கிளட்ச் மிதித்துப் பார்த்ததில்லை. எங்கள் காலத்து கியர்பாக்ஸுக்கு டபுள் கிளட்ச் போட வேண்டும். ஒவ்வொரு கியருக்கும் இடது கால் இரண்டு தடவை அழுத்த வேண்டும். இப்போது கிளட்ச் லேசாகிவிட்டது. ஆனாலும் பாதத்தில் எலும்பு விட்டவனுக்கு அதுவும் உயிர் போகும் வலிதான். அவன் என்ன செய்வான்? கியர் மாற்றுவதைக் குறைப்பான்.

சமதளத்தில் அப்படிச் சமாளிக்கலாம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில் முடியாது. லோடு வண்டியை மேலேயே சின்ன கியருக்குக் கொண்டுவந்து, இன்ஜின் பிடியில்தான் இறக்க வேண்டும். வலிக்குப் பயந்து பெரிய கியரிலோ நியூட்ரலிலோ விட்டால் அத்தனை பாரமும் பிரேக் மேல் விழும். டிரம் சூடேறும், பிடி போய்விடும். மறுநாள் பேப்பரில் "பிரேக் பிடிக்காததால்" என்று போடுவார்கள். டிரைவர் காலில் கட்டு இருந்ததா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சர்க்கரை வியாதிக்காரர்கள் விஷயம் இதைவிட மோசம். கால் மரத்துப்போயிருந்தால் ஆணி ஏறியதே தெரியாது. செருப்பில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். நேரத்துக்குச் சாப்பாடு இல்லாத எங்கள் தொழிலில் சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர்.

அடிபட்ட காலோடு ஏன் ஓட்டுகிறார்கள் என்றால், வண்டி ஓடினால்தான் படி. நின்றால் ஒன்றும் இல்லை. 1994-இல் நாக்பூரிலிருந்து திரும்பும்போது, ஐதராபாத்துக்கு இந்தப் பக்கம் டயர் மாற்றுகையில் ஸ்டெப்னி என் இடது பாதத்தில் சாய்ந்தது. இரண்டு விரல் எலும்பு போயிற்று. எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஓனருக்குப் போன் செய்தேன். "மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துரு, இங்க பாத்துக்கலாம்" என்றார். முடியாது என்று சொல்லி வண்டியை ஒரு தாபாவில் நிறுத்திவிட்டேன். வேறு டிரைவரை பஸ்ஸில் அனுப்பினார்கள். அவர் பஸ் செலவை என் கணக்கில் கழித்தார்கள். ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரியின் தோடு அடகுக்குப் போயிற்று. "இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், உனக்கில்லை" என்று ஓனர் சொன்னதுதான் காலைவிட வலித்தது.

அவர் சொன்னது தவறு. 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்திலேயே டிரைவரும் கிளீனரும் வந்தார்கள். ஒரே ஒரு லாரி வைத்திருப்பவருக்கும் அது பொருந்தியது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 சதவீதம் தர வேண்டும். 28 நாளோ அதற்கு மேலோ படுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு. 2009 திருத்தத்தில் வைத்தியச் செலவும் சேர்ந்தது. 2020-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. முக்கியமாக, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி எடுக்கும் கட்டாய இன்சூரன்ஸிலேயே, சம்பள டிரைவருக்கு இப்படித் தர வேண்டிய இழப்பீடும் அடக்கம். ஓனர் கைப்பணம் போகப்போவதில்லை. பிறகு எதற்கு மறைக்க வேண்டும்?

சட்டம் முழுக்க நமக்குச் சாதகம் என்றும் சொல்ல மாட்டேன். கூலி என்பதில் பயணப்படி சேராது என்று அதிலேயே இருக்கிறது. படியிலேயே பிழைக்கும் டிரைவருக்கு அது பெரிய அடி. சம்பளம் என்று ஒரு தொகையை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால் கையில் வருவது சில்லறைதான். அட்டவணைப்படி கால் பெருவிரல் முழுதாகப் போனால் 14 சதவீத இழப்பு, மற்ற விரல் ஒன்றுக்கு 3. ஆனால் இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் அட்டவணையோடு நிற்கவில்லை. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் முழு இழப்பு என்றது. கிளட்ச் மிதிக்க முடியாத காலையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றை ஓனர்கள் கவனிக்க வேண்டும். ஊருக்கு ஆபத்தாகும் உடல்நிலையோடு தெரிந்தே வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 186-ஆம் பிரிவில் குற்றம். அதற்குத் தூண்டுபவருக்கும் 188-ஆம் பிரிவில் அதே தண்டனை. "மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துரு" என்பதற்கு வேறு என்ன பெயர்?

வண்டியில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அடிபட்ட அன்றே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சீட்டில் தேதியையும், எந்த வேலையில் எப்படி அடிபட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி, இன்சூரன்ஸ் காகிதத்தின் நகலும் கேட்டு வாங்குங்கள். அடிபட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டும்.