புத்தகத்துக்குப் பதில் ஜெயிலா?

எகிப்து தேசத்தில் நவால் எல் சாதாவி என்று ஒரு டாக்டரம்மாள் இருந்தார். 1931-ல் கஃபர் தஹ்லா என்னும் கிராமத்தில் பிறந்து, 2021 மார்ச் மாதம் 21-ந் தேதி கெய்ரோ நகரில் காலமானார். அவர் அரபு மொழியில் எழுதிய புத்தகங்கள் ஐம்பதுக்கு மேற்படும். அவற்றுக்குச் சமாதானம் சொல்ல யோக்கியதையற்றவர்கள் அவரை என்ன பாடுபடுத்தினார்கள் என்பதைத்தான் இங்கு சொல்லப்போகிறோம்.

அந்த அம்மாளுக்கு ஆறு வயதிருக்கும்போது, ஓர் இரவில் படுக்கையிலிருந்து தூக்கிப்போய், பெண் குறியில் ஒரு பாகத்தைக் கத்தியால் அறுத்துவிட்டார்கள். வலி பொறுக்காமல் அம்மாவென்று அலறினால், பெற்ற தாயும் அக்கூட்டத்தில்தான் நின்றிருந்தாள்! இதைப் படிக்கச் சிலர் கூசலாம். செய்கிறவர்கள் கூசவில்லையே! காரணம் கேட்டால் பெண்ணின் கற்பைக் காப்பாற்றவாம். ஆண்பிள்ளையின் கற்பைக் காப்பாற்ற அங்கு யாரும் கத்தி தீட்டியதாகக் காணோம்.

நிற்க, இது இஸ்லாத்தைப் பற்றிய சங்கதி என்று நம் வைதிகர்கள் சந்தோஷப்பட வேண்டாம். குர்ஆனில் இவ்வழக்கம் சொல்லப்படவில்லை. எகிப்தின் கிறிஸ்தவர்களும் இதைச் செய்து வந்திருக்கிறார்கள். இரண்டு மதத்துக்கும் முந்திய வழக்கத்துக்கு இரண்டு மதத்தாரும் தெய்வத்தின் பேரைச் சூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பத்து வயதிலேயே கலியாணம் பேசினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் பல் கறுப்பாகத் தெரியட்டும் என்று பச்சைக் கத்தரிக்காயைத் தின்று வைத்து அதிலிருந்து தப்பினார். 1955-ல் வைத்தியப் பட்டம் பெற்றுக் கிராமத்தில் வேலை பார்த்தபோது, மருத்துவச்சியின் கத்தி பட்டு ரத்தம் நிற்காத சிறுமிகள் அவரிடமே கொண்டுவரப்பட்டார்கள். கண்டதை எழுதினார். 1972-ல் "பெண்ணும் பாலுறவும்" என்ற புத்தகத்துக்காகச் சுகாதார இலாகாவில் வகித்த பெரிய உத்தியோகம் பறிபோயிற்று.

1981 செப்டம்பரில் ஜனாதிபதி சதாத், தம்மை எதிர்த்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஜெயிலில் அடைத்தார். இவரும் அதில் ஒருவர். உள்ளே காகிதமும் பேனாவும் கூடாது. விபசாரத்துக்காகச் சிறைப்பட்ட ஒரு பெண் கொடுத்த புருவ மையெழுதும் பென்சிலைக்கொண்டு, கக்கூஸ் காகிதத்தில் எழுதினார். அதே அக்டோபரில் சதாத் கொல்லப்பட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

பிறகு மதவெறியர்கள் கொல்லவேண்டியவர் ஜாபிதாவில் பேரைச் சேர்த்தார்கள். தேசத்தை விட்டுச் சில வருஷம் வெளியே இருக்க நேர்ந்தது. எல்லாவற்றிலும் வேடிக்கை 2001-ல் நடந்தது. ஹஜ் சடங்குகளில் பழைய விக்கிரக வணக்கத்தின் மிச்சம் இருக்கிறது என்று அவர் பேசியதற்காக, ஒரு வக்கீல், "இவள் மதத்தை விட்டவள், புருஷனிடமிருந்து பிரிக்கவேண்டும்" என்று கோர்ட்டுக்குப் போனார். புருஷர் ஷெரீப் ஹெத்தாத்தாவோ 1964-ல் கலியாணம் செய்துகொண்டவர். அவரும் டாக்டர், எழுத்தாளர். கட்டியவனுக்கில்லாத கவலை மூன்றாவது மனிதனுக்கு ஏன்? தனி மனிதர் இப்படி வழக்காட இடமில்லையென்று கோர்ட் தள்ளிவிட்டது. பிற்காலத்தில் அவ்விருவரும் பிரிந்தார்கள் என்றால் அது அவர்கள் சொந்த விஷயம். கேட்க ஒரு வக்கீலுக்கும் பாத்தியதை இல்லை.

பெண்குறி அறுப்பது குற்றம் என்று எகிப்தில் சட்டம் வந்தது 2008-ல்; அதாவது, அவர் உத்தியோகத்தை இழந்து 36 வருஷம் கழித்து. 2015-ம் வருஷக் கணக்கில்கூட, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 87 பேர் அறுக்கப்பட்டவர்களே. சிறுமிகள் விஷயத்தில் ஒரு மாறுதல்: கத்தி பெரும்பாலும் மருத்துவச்சி கையிலிருந்து டாக்டர் கைக்கு வந்துவிட்டது. சாதாவி படித்த அதே படிப்பைப் படித்தவர்கள்!