தோள்வலிதானே என்று விடாதீர்கள்!

பெண்களுக்குத் தோள் வலித்தால் நம் வீடுகளில் காரணம் தேடவே மாட்டார்கள். "குடம் தூக்கியிருப்பே", "வாயுப் பிடிப்பா இருக்கும்" என்று தைலத்தை நீட்டுவார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எல்லா தோள்வலியும் அப்படியில்லை.

என் நாத்தனாருக்குப் பிரசவமான பதினைந்தாம் நாள், நடுராத்திரியில் வலது தோளில் உயிர் போகிற வலி. "பிள்ளையைத் தூக்குறதாலதான்" என்று சுளுக்கு எடுத்தார்கள். பத்து நாளில் வலி குறைந்தது. ஆனால் கை மேலே எழும்பவில்லை. தலை பின்ன முடியவில்லை. முதுகில் தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி துருத்திக்கொண்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. அதற்கும் "பச்சை உடம்புக்காரி, பயப்படுறா" என்றார்கள். கடைசியில் நரம்பு டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

நோயின் பெயர் 'பார்சனேஜ்-டர்னர்'. 1948-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய இரண்டு டாக்டர்களின் பெயர் அது. கழுத்திலிருந்து தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புக் கொத்தில் அழற்சி உண்டாகிறது. காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், கடும் உழைப்பு இவற்றுக்குப் பிறகு வரலாம். காரணமே தெரியாமலும் வரும். நாம் மூச்சு விட உதவும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் கழுத்திலிருந்துதான் புறப்படுகிறது. சிலருக்கு அதுவும் பாதிக்கப்படுவதால்தான் படுத்தால் மூச்சுத் திணறுகிறது.

அபூர்வ நோய் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 2015-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்கிறது. தோள் இறுக்கம், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நினைத்து விட்டுவிடுவதால் பலருக்குத் தெரியாமலே போகிறதாம்.

வலி நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கை பலவீனம் அதன் பிறகுதான் தெரியவரும். இழுத்து உருவுவதால் நரம்பு சரியாகாது. நரம்பு டாக்டரிடம் காட்டி, நரம்பு, தசைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மூச்சு முட்டினால் ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது. இதயம், நுரையீரல் கோளாறாகவும் இருக்கலாம். பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் குணம் தெரிகிறது. அதுவரை வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும்.

மாமியார்களே, கணவன்மார்களே! "கை தூக்க முடியலே" என்று ஒரு பெண் சொன்னால், வேலைக்குச் சாக்கு சொல்கிறாள் என்று எண்ணாதீர்கள். முதலில் அவள் சொல்வதை நம்புங்கள். வைத்தியம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.