விண்ணிலிருந்து நம் மலை

கோள்களையும் வால்மீன்களையும் படமெடுக்கப் பெரும் பணம் செலவிடுவதால் நமக்கென்ன பயன் என்று சிலர் கேட்கின்றனர். பயன் உண்டு என்பதே என் கருத்து. கோள்களை ஆராயச் சென்ற வாயேஜர் 1 விண்கலம், 1990-இல் ஏறக்குறைய 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியைப் படமெடுத்தது. அதில் பூமி ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளியை விட்டால் நமக்கு வேறு வீடில்லை என்பதை அப்படம் உணர்த்தியது.

அவ்வீட்டை அருகிலிருந்து கண்காணிக்கச் செயற்கைக்கோள்கள் உள்ளன. மலேசியாவும் 2009-இல் ரசாக்சாட் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. இத்தகைய படங்களில் கேமரன் மலையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்கள் பச்சையாகவும் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள் வெண்மையாகவும் தெரியும். காடு அழிக்கப்பட்ட சரிவுகளில் வெறும் மண் தெரியும். மழை அரித்துவரும் அம்மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிவதால் நீர் தேங்கும் இடம் குறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அங்குள்ள அணை திறக்கப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது.

விண்ணிலிருந்து வரும் எச்சரிக்கையைப் புரிந்துகொள்பவர் இருந்தால்தான் காடு பிழைக்கும். ஆகவே, நிலப்படத்தைப் போலவே செயற்கைக்கோள் படத்தையும் படித்தறிய மாணவர்கள் பழக வேண்டும்.