கொன்றால் மட்டும் போதாது, கழுவவும் வேண்டும்

காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. குளித்துச் சாப்பிட்டு வெளியே கிளம்பியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. இதைப் பலரும் 'சைனஸ்' என்றோ 'பனி ஒத்துக்கொள்ளவில்லை' என்றோ சொல்லிவிடுவார்கள். ஆனால் படுக்கையை விட்டு விலகிய பிறகு தொல்லை குறைகிறது என்றால், காரணம் படுக்கையிலேயே இருக்கலாம். அப்படியொரு காரணம்தான் தூசு உண்ணி.

தூசு உண்ணிக்கு எட்டுக் கால்கள். சிலந்தியின் உறவு அது. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர் என்பதால் வெறும் கண்ணுக்கு அகப்படாது. மூட்டைப்பூச்சியைப் போல அது நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழ்கிறது. இலவம்பஞ்சுத் தலையணையோ ஃபோம் மெத்தையோ, தோல் துகள் சேரும் எந்தப் படுக்கையும் அதற்கு ஏற்றதே. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இந்த உண்ணி முக்கியக் காரணம் என்பதை 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

பெரும்பாலும் தொல்லை தருவது உண்ணியின் கழிவு. ஓர் உண்ணி நாளுக்குச் சுமார் 20 கழிவு உருண்டைகள் இடும். அவற்றில் அதன் செரிமான நொதிகள், அதாவது உணவை உடைக்கும் புரதங்கள், கலந்திருக்கும். சிலருடைய உடல் இந்தப் புரதத்தைப் பகையாக எண்ணி, அதற்கென்று ஐஜிஇ என்னும் எதிர்ப்புரதத்தை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கழிவுத் துகள் மூக்கில் படும்போது, அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. தும்மலும் அரிப்பும் அதன் விளைவு. இதே வினை மூச்சுக்குழாயில் நடந்தால் இளைப்பு வருகிறது.

உண்ணி செத்த பிறகும் கழிவின் வீரியம் நெடுநாள் நிற்கும். ஆகவே உண்ணியைக் கொல்வது ஒரு வேலை, கழிவை அகற்றுவது இன்னொரு வேலை. எந்த வழியைக் கேள்விப்பட்டாலும், அது இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

துணியிலிருந்து தொடங்குவோம். குளிர்ந்த நீரில் துவைத்தால் கழிவில் பெரும்பகுதி போய்விடும்; உண்ணிகளில் பல பிழைத்துக்கொள்ளும். 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைத்தால் இரண்டும் தீரும். அது கை வைக்க முடியாத சூடு. வாஷிங் மெஷினில் சூடேற்றும் வசதி இல்லையென்றால், துவைக்கும் முன் கொதிநீர் கலந்து ஊறவைக்கலாம். விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை இப்படித் துவைப்பது நல்லது. குழந்தையின் துணிப் பொம்மையைப் பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் உண்ணி சாகும். கழிவு போக, பிறகு அதைத் துவைத்தாக வேண்டும்.

மெத்தையைத் துவைக்க முடியாது. மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போட்டால் சூடும் வறட்சியும் உண்ணியைக் கொல்லும். பகலில் ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். தட்டுவதை அங்கேயே முடித்துவிட வேண்டும். அதையும் ஒவ்வாமை இல்லாதவர் செய்யட்டும். ஆனால் உள்ளே தங்கிய கழிவு வெயிலில் மறையாது. அதற்குத்தான் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்து ஆறு பக்கமும் மூடும் உறை. கழிவு உள்ளேயே அடைபடும்.

அறைக் காற்றைத் தூய்மையாக்கும் கருவியால் இதில் பெரிய பயன் இல்லை. கழிவுத் துகள் கனமானது. படுக்கையை உதறும்போது கிளம்பி, அரை மணி நேரத்துக்குள் படிந்துவிடும். நாம் முகம் புதைக்கும் தலையணையில் இருப்பதைக் கருவி எட்டாது. துடைப்பத்தால் பெருக்கினாலும் தூசு கிளம்பும். ஈரத்துணியால் துடைப்பது மேல்.

மீண்டும் பெருகாமல் தடுப்பது ஈரப்பதத்தைப் பொறுத்தது. காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே ஈரப்பதம். தூசு உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வற்றிச் சாகும். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் அறை உலரும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் அந்த யோசனை இங்கே அதிகம் உதவாது. ஏசி ஓடும்போது ஈரம் குறையும். மழைக்காலத்தில் ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் உலர்த்தாமல் இருந்தாலே ஓரளவு பயன் உண்டு.

இவற்றால் நோய் எவ்வளவு குறையும்? 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு உறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் வீடுகளில் பல நடவடிக்கைகளைச் சேர்த்து எடுத்தபோது தொல்லை குறைந்தது. ஒன்றை மட்டும் நம்புவதைவிடப் பலவற்றைச் சேர்த்துச் செய்வதே நியாயமாகத் தோன்றுகிறது.

செலவு செய்யும் முன் மருத்துவரிடம் தோல் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரணம் தூசு உண்ணி அல்ல என்று தெரிந்தால், உறைக்குக் கொடுக்கும் பணம் வீண். தூசு உண்ணிதான் என்றால் தலையணையிலும் விரிப்பிலும் தொடங்குங்கள். தும்மல் குறைந்தது என்பதற்காக மருந்தையோ இன்ஹேலரையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.