முள்ளை வெட்டிய மேதாவிகள்

ஒன்றரை ரூபாய்! ஒரு நாள் கூலியல்ல, தோழர்களே! ஒரு கூடையின் விலையுமல்ல. ஒரு டன் மூங்கிலின் விலை! 1958-இல் வட கன்னடக் காட்டு மூங்கிலைக் காகித ஆலைக்கு அரசு அள்ளிக் கொடுத்த விலை அது. கூடை முடையும் ஏழை அதே மூங்கிலைச் சந்தையில் வாங்கப் போனால்? பல மடங்கு!

ஆலை கொழுத்தது, காடு மெலிந்தது, கூடை முடைவோர் குமுறினர். 1975-இல் மாதவ் காட்கில் என்னும் சூழலியல் அறிஞரை ஆராயுமாறு அழைத்தது கர்நாடக அரசு. ஆர்வர்டில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் அவர். ஆயினும் ஊராரிடம் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர் (பட்டம் பெற்றோர் பலருக்கு வாய்க்காத பண்பு இது).

மூங்கில் புதரின் அடியில் பின்னிக் கிடந்த முள்ளை வெட்டி எறிந்தனர் ஆலையார். நெருக்கம் நீங்கினால் மூங்கில் செழிக்குமாம்! முள்தானே குருத்துக்கு வேலி, அதை எடுத்தால் ஆடுமாடும் காட்டு விலங்கும் தின்று தீர்க்குமே என்றனர் ஊரார். காட்கில் காட்டிலேயே அலைந்து கண்டறிந்தார். ஊரார் சொன்னதே உண்மை!

அந்த முள் அவர் நெஞ்சில் தைத்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய 2010-இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமையேற்றவர், குசராத் முதல் நம் குமரி வரை ஆறு மாநிலங்களுக்கும் ஒன்றைச் சொன்னார்: மலையின் கதியைக் கிராம சபையிடம் கேட்டு முடிவு செய்க! 2011 ஆகஸ்டில் அறிக்கையைத் தந்தார். டில்லி என்ன செய்தது? பூட்டி வைத்தது! மக்களைக் கேள் என்ற ஏட்டை மக்கள் கண்ணிலேயே காட்டவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு வழக்காடிய பிறகே, 2012 மே மாதம் அது வெளிவந்தது.

மலையாள நாட்டு மலை உழவர்களே எதிர்த்தனரே என்பார்கள். எதிர்த்தனர், மறுக்கவில்லை. ஏட்டை அவர்கள் மொழியில் முறையாகத் தந்து விளக்காமல், நிலம் பறிபோகும் என்ற வதந்தியை உலவவிட்டால் எந்த உழவன்தான் எதிர்க்கமாட்டான்?

காட்டை ஊராரிடம் விட்டால் அழித்துவிடுவார்களாம்! மராட்டியத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா-லேகா என்று ஒரு சிற்றூர், கோண்டு மக்களுடையது. தான் காத்த காட்டுக்கு 2009-இல் உரிமை பெற்றது. பெற்றும் என்ன? மூங்கிலை வெட்டி விற்க விடவில்லை வனத்துறை. மூங்கில் மரமாம், மரம் அரசுக்காம்! புல்லினத்தை மரமாக்கிய புலமையைப் பாருங்கள்! போராடினர். 2011 ஏப்ரலில் அனுமதிச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்றனர். ஒன்றரை ரூபாய்க்கல்ல!